கையக்காவும் சிவப்புக் கையுறையும்

கையக்கா பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தங்கள் டீ கிளாஸை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். அவளுக்குப் பேச்சு கையில்தான் பிறக்கும். வாய் பின்னாலேயே ஓடிவந்து ஒத்து ஊதும், அவ்வளவுதான். "இத்துனூண்டு" என்று வாய் சொல்வதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைச் சொல்லி முடித்திருக்கும். "இவ்வளவு பெரிசு" என்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்துகொள்ள வேண்டியதுதான். பிறந்த அன்றைக்கே டாக்டரம்மாவிடம் கையை ஆட்டி ஏதோ புகார் சொன்னாள் என்று அவளைப் பெற்றவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

அந்தக் கைக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், கிரேனுக்குச் சிக்னல் காட்டுவது அவள் வேலை. கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் கூண்டண்ணன் என்பார்கள். மிக்ஸர் இரைச்சலிலும் சுத்தியல் சத்தத்திலும் வாக்கிடாக்கி வெறும் கரகரதான். அதனால் கீழே கையக்கா விரலை மேலே நீட்டிச் சுற்றினால் சரக்கு மேலே போகும். கீழே காட்டிச் சுற்றினால் இறங்கும். கையை நீட்டிய பக்கம் திரும்பும். உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிற்கும். ஏழு வருஷம் இப்படி ஓடியது. ஒரு முட்டையைக் கொக்கியில் கட்டிவிட்டால் அதை எட்டாவது மாடியில் உடையாமல் இறக்கிவிடுவார்கள் இரண்டு பேரும் என்று பேச்சு. வெறும் முட்டை இல்லை, வேகவைக்காத முட்டை என்று கையக்கா திருத்துவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை வந்தது.

அன்று காலை கொக்கியில் ஒரு கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. லாரி ஒன்று வழியை மறித்து நின்றதால், அது நகரும்வரை சரக்கை அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள். சும்மா நிற்கிற நேரம். பக்கத்தில் கலவை போடும் அக்கா வந்து மெதுவாகக் கேட்டாள்:

"உன் நாத்தனார் புது ஃப்ரிட்ஜ் வாங்கினாளாமே? அந்த மாடிப்படி அவ்வளவு குறுகலாச்சே, எப்படி ஏத்தினீங்க?"

இப்படி ஒரு கேள்வியைக் கையக்காவிடம் கேட்டுவிட்டுப் பதில் வராமல் இருக்குமா?

"அதை ஏன் கேக்கறே! ஃப்ரிட்ஜை முதல்ல அப்படியே மேல தூக்கினாங்களா..." விரல் மேலே நீண்டு சுற்றியது. "படி திரும்பற இடத்துல இப்படி வலது பக்கமாத் திருப்பி, திருப்பி, திருப்பி..." கை நீண்டது. "என் கொழுந்தன் இருக்கானே, அவன் கத்தறான், இறக்கு இறக்கு, என் கால் மேல இறக்காதேன்னு!" விரல் கீழே போய் வட்டம் போட்டது.

மேலே கூண்டண்ணன் ஒரு சிக்னலைக்கூட விடவில்லை. தூக்கினார். வலது பக்கம் திருப்பினார், திருப்பினார், திருப்பினார். பிறகு இறக்கினார்.

வலது பக்கத்தில் இருந்தது தகரக் கூரை போட்ட ஆபீஸ் அறை. உள்ளே, அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்திருந்த சேஃப்டி சார், பன்னிரண்டு பேரை பெஞ்சில் உட்காரவைத்து, தலைக்கு மேலே தொங்கும் சுமைகளின் ஆபத்து பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று எப்போதும்..." என்று அவர் சொல்லும்போது கூரையில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ரொம்ப மென்மையான 'டொக்'. கூண்டண்ணனின் கைத்திறமை அது. ஆனாலும் தகரம் ஒரு சாண் அமுங்கி உள்ளே எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு பேரும் பெஞ்சுக்கடியில் போனார்கள். அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தவர் சேஃப்டி சார் என்பார்கள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கையக்கா ஓடிப்போய்ப் பன்னிரண்டு பேரையும் இரண்டு தடவை எண்ணினாள். 'டொக்' என்பது 'டமால்' ஆகியிருந்தால்? அந்த நினைப்பை அவளால் முழுசாக நினைக்கவே முடியவில்லை.

சேஃப்டி சார் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நாலு பேனா. குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம்.

"அம்மா, கொக்கியில சுமை இருக்கும்போது நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ் ஏத்திக்கிட்டு இருந்தேன் சார்."

அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு இதுதான்: சனிக்கிழமை வரைக்கும் அவள் சிக்னல் பக்கம் போகக் கூடாது. ஸ்டோரில் உட்கார்ந்து ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் மறுபரீட்சை. மூன்று சுமை. சுமை கொக்கியில் இருக்கும்போது வேறு எதற்காகக் கை அசைந்தாலும், ஸ்டோரே நிரந்தரம்.

ஸ்டோர் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் ஒரு டன் இரும்பை ஒரு விரலால் பதினாலாவது மாடிக்கு அனுப்பியவளுக்கு, ஹெல்மெட் வாரைச் சரிபார்த்துக் கொடுப்பது எப்படி இருக்கும்? அவளைக் கேட்டால் அதற்கும் ஒரு கை காட்டுவாள். ஏற்றுக்கொள்ள முடியாது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் பிரெட் வேன் டிரைவர். நிதானமான ஆள். ஸ்கூட்டர் கிளம்புவதற்கு முன் அவள் ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "கையை என் இடுப்புல வை. எடுக்காதே" என்றார்.

"ஏன், நான் விழுந்துடுவேனா?"

"நீ விழ மாட்டே. போன வாரம் உன் சித்தி கதை சொன்னே இல்ல? நீ இடது பக்கம் கையை நீட்டினதை நம்பி ஒரு கார், ரெண்டு ஸ்கூட்டர், ஒரு தண்ணி லாரி, எல்லாம் நம்ம சந்துக்குள்ள வந்துடுச்சு. அந்த லாரி வெளிய போக ஒன்றரை மணி நேரம் ஆச்சு. பக்கத்து வீட்டம்மா அதுல நாலு குடம் பிடிச்சுக்கிட்டாங்க."

வீட்டிலும் கதை அதேதான். வெங்காயம் நறுக்கும்போது அவள் பேசினால் கத்தியும் சேர்ந்து பேசும். அதனால் காலேஜில் படிக்கிற மகள் சமையலறைத் தரையில் சாக்பீஸால் ஒரு வளைவுக் கோடு போட்டு வைத்திருந்தாள். அம்மா கையில் கத்தி இருக்கும்வரை அந்தக் கோட்டுக்கு உள்ளே யாரும் வரக் கூடாது. நாற்காலி மேல் ஏறிப் பல்பு மாட்டினால் மகளும் அப்பாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொள்வார்கள். "மேல இருக்கும்போது எதுவும் கேக்காதீங்கப்பா, பதில் சொல்லிடுவாங்க" என்பாள் மகள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆரம்பமானது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டு, கதை சொல்ல வேண்டும். மகள்தான் நடுவர்.

"நாத்தனார் வந்தா..." என்று ஆரம்பித்தாள் கையக்கா. வாய் அங்கேயே நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. புருவம் ஏறி முடிக்குள் போனது. "வந்தாளா... வந்து..." என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே வலது கால் எகிறி எதிரே இருந்த ஸ்டூலைத் தள்ளியது. ஸ்டூல் மேல் இருந்த டீ வீட்டுக்காரர் மடியில் போய் விழுந்தது. நல்லவேளை, ஆறிப்போன டீ.

"கையை அடக்கினா கால் பேசுதேம்மா!" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பேசாம பேசறதை நிறுத்திடேன்" என்றார் வீட்டுக்காரர், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

புதன்கிழமை அதையும் செய்து பார்த்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மணிக்குக் காது அடைத்தது. மத்தியானம் தொண்டை வீங்கினாற்போல இருந்தது. மூன்று மணிக்கு ஹெல்மெட் வாங்க வந்த ஆள் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதுதான் தாமதம், அணை உடைந்தது. அந்த ஆள் ஹெல்மெட்டோடு திரும்பிப் போனபோது சாயங்கால ஷிப்டே வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூண்டண்ணன் இறங்கிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையக்கா நாலு நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, ஏழு வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு. நான் வம்பு பேசறேனா வேலை செய்யறேனான்னுகூடவா தெரியலை?"

"மேலேர்ந்து உன் வாய் தெரியாதும்மா. கை மட்டும்தான் தெரியும். உன் கை காட்டினா அதுல சந்தேகப்படறதே இல்லை நான். சந்தேகப்பட்டா அந்த வேலையைச் செய்யவே முடியாது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது உள்ளே போய்த் தைத்தது.

"அங்கேர்ந்து எப்படித்தான் தெரியுது? நான் ஒரு தடவை பாக்கணும்."

சேஃப்டி சாரிடம் போய் அனுமதி கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, கொக்கி காலியாக இருக்கும் அந்த இடைவேளையில், இடுப்புவார், தோள்வார், இரட்டைக் கயிறு எல்லாம் தானே மாட்டி, தானே இழுத்துப் பார்த்து, "ஏணியில ஏறும்போது பேசக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். ஒரு கயிற்றின் கொக்கியை மாட்டிய பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். இரண்டு கையும் ஏணிக்கே சரியாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இருபது நிமிஷம் கையக்கா கஷ்டப்படாமலே பேசாமல் இருந்தாள். மேகம் ஒன்று அவள் ஹெல்மெட்டைத் தொட்டுவிட்டுப் போனது என்று பிற்பாடு சொன்னாள்.

கூண்டண்ணனோடு கூண்டுக்குள் போய்க் கீழே பார்த்தாள். மனுஷர்களே இல்லை. சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்தது போல ஹெல்மெட்டுகள். பொத்தானுக்கு இரண்டு பக்கமும் குச்சிகுச்சியாகக் கைகள். ஒரு பொத்தான் ஈ விரட்டியது.

"அதுக்கு அர்த்தம், சீக்கிரம் மேல தூக்கு" என்றார் கூண்டண்ணன்.

இன்னொன்று யாருக்கோ வழி காட்டியது.

"இடது பக்கம் திருப்பு."

அவளுக்குப் பதிலாகச் சிக்னல் காட்ட வந்திருந்த ஆள் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துச் சோம்பல் முறித்தான்.

"அவசரமா நிறுத்து!" என்றார் கூண்டண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள். கூண்டே குலுங்கியது.

சிரிப்பு பாதியிலேயே கையக்காவுக்கு நின்றுவிட்டது. "அண்ணே, நான் கீழே நின்னா, இந்தக் கூட்டத்துல என் கை எது?"

"அதைத்தான் ஏழு வருஷமா நானும் கழுத்தை நீட்டித் தேடிக்கிட்டு இருக்கேன்."

இறங்கி வரும்போது, நூற்று எண்பதாவது படியிலோ எங்கேயோ, அவளுக்கு விஷயம் பிடிபட்டது. மூன்று நாளாகக் கையைக் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அது தேவையே இல்லை. எந்த நேரத்துக் கை வேலைக்கு, எந்த நேரத்துக் கை நாத்தனாருக்கு என்று மேலே இருக்கிறவருக்குத் தெரிந்தால் போதும். அவளுக்குமே தெரிந்தால் போதும்.

நேராக ஸ்டோருக்குப் போனாள். அங்கே மேல் தட்டில் ஒரு மூட்டை தூசி தின்றுகொண்டிருந்தது. யாரோ தப்பாக வரவழைத்த கையுறைகள். மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு, அளவு ரொம்பப் பெரிசு. யாரும் தொடுவதில்லை. ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்தாள். விரல் ஒவ்வொன்றும் கேரட் மாதிரி இருந்தது. மணிக்கட்டில் பட்டை போட்டு இறுக்கினாள். வெளியே வந்து மேலே பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினாள். உச்சியிலிருந்து ஹாரன் சத்தம் 'பீப்' என்று ஒரே ஒரு தடவை வந்தது. தெரிகிறதாம்.

அவள் யோசனையைக் கேட்ட சேஃப்டி சார் வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார். கையுறை இல்லாத கையை இஷ்டத்துக்கு வீசிக்கொண்டே பேசினாள்.

"கேட்டுக்கோங்க. இந்தச் சிவப்புக் கையுறை கையில இருந்தா, அந்தக் கை கொக்கிக்குச் சொந்தம். என் மாமியாரே வந்து நின்னாலும் நான் திரும்ப மாட்டேன். கூண்டண்ணன் இந்தக் கை சொன்னாத்தான் தூக்குவார், திருப்புவார், இறக்குவார். வேற யார் காட்டினாலும் மாட்டார். ஆனா நிறுத்தறது மட்டும் யார் வேணும்னாலும் காட்டலாம். கையுறை வேண்டாம், பதவி வேண்டாம். தப்பா ஏதாவது தெரிஞ்சா ரெண்டு கையையும் விரிங்க. நின்னுடும்."

"கையுறை போட்டதும் பேசற பழக்கம் போயிடுமாம்மா?" என்றார் சேஃப்டி சார்.

"போகாது சார். கழட்டற வரைக்கும் வரிசையில நிக்கும்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான், பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆள். மௌனி என்று பெயர் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஏழெட்டு வார்த்தை பேசுவார். அவர் தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வேலை செய்வது போல் பாசாங்கு செய்துகொண்டு எல்லோரும் பார்த்தார்கள். முதல் சுமை பலகைக்கட்டு. கையக்கா கையுறையை மாட்டினாள். விரலைச் சுற்றினாள். கட்டு எழும்பியது.

சேஃப்டி சார் பக்கத்தில் வந்து நின்றார். "கலவை போடற அக்கா வேலையை விட்டுட்டு வெளியூர் போறாங்களாமே, ஏன்?" என்றார், வானத்தைப் பார்த்தபடி.

கையக்காவுக்கு அது தெரியாத செய்தி! காது சுட்டது. நாக்கு நுனியில் ஒன்பது கேள்விகள் வந்து முட்டின. சிவப்பு விரல் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றியது. பலகைக்கட்டு ஐந்தாம் மாடியில் பூவாக உட்கார்ந்தது.

இரண்டாவது சுமையும் பலகைதான். பாதி உயரம் போயிருக்கும். மூன்றாம் மாடி விளிம்புக் கம்பிக்குப் பின்னால் நின்ற மௌனி சட்டென்று இரண்டு கையையும் விரித்தார். கூண்டண்ணன் நிறுத்திவிட்டார். கட்டு அந்தரத்தில் நின்றது.

கையக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பரீட்சை நேரத்தில் இந்த ஆளுக்கு என்ன வந்தது? அவள் நின்ற இடத்திலிருந்து எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. 'மேலே போ' என்று காட்டிவிட விரல் துடித்தது. ஆனால் அவள் பார்ப்பது கட்டின் ஒரு பக்கம். மௌனி பார்ப்பது மறுபக்கம். அவளும் இரண்டு சிவப்புக் கைகளையும் விரித்தாள். கட்டுக்கு நேர் கீழே யாரும் இல்லை என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினாள்.

தரைக்கு வந்ததும் பார்த்தார்கள். கட்டைச் சுற்றிப் போட்டிருந்த மறுபக்கத்து பெல்ட் பலகை ஓரத்துக்கே நழுவி வந்திருந்தது. இன்னும் நாலு விரற்கடை போயிருந்தால் அறுபது பலகைகளும் தனித்தனியாக இறங்கியிருக்கும்.

"நழுவுச்சு" என்றார் மௌனி மேலேயிருந்து. அந்த வருஷக் கணக்கில் அது மூன்றாவது வார்த்தை.

சேஃப்டி சார் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பக்கம் திருப்பி எழுதினார். போச்சு, என்று நினைத்தாள் கையக்கா. நடுவில் நின்ற சுமை. பரீட்சையில் அதற்கு என்ன மார்க்கு வரும்? பெல்ட்டை மாற்றிக் கட்டி, தானே இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்து, மறுபடி அனுப்பினாள். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது சுமை கம்பிக்கட்டு. ஏழாவது மாடிக்கு நேராக அது தொங்கும்போது சேஃப்டி சார் ஒரு தாளை நீட்டினார்.

"நீங்க பாஸ்மா. நிறுத்தச் சொன்ன ஆளை மீறி 'மேல போ'ன்னு காட்டாம இறக்கினீங்களே, அதுக்கே பாஸ். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

ஏழு வருஷ வேலை அந்தத் தாளில் திரும்பி வந்து நின்றது. கையக்கா அதைப் பார்க்கவே இல்லை. கண் கம்பிக்கட்டிலேயே இருந்தது.

"ஒரு நொடிதான்மா. பேனா திறந்தே இருக்கு."

வலது கை நீண்டது. கட்டு மெல்லத் திரும்பியது.

"மதியத்துக்குள்ள ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும்..."

விரல் கீழே சுற்றியது. காற்றில் தாள் படபடக்க, ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் நோட்டுமாகச் சேஃப்டி சார் நின்றுகொண்டேயிருந்தார். பேனா மை காய்ந்துபோய் இரண்டாவது பேனாவை எடுத்தார். கட்டு உட்கார்ந்தது. மேலே இருந்தவர்கள் பெல்ட்டைக் கழற்றினார்கள். வெறும் கொக்கி ஆடாமல் உயரே போய் நின்றது.

அதன் பிறகுதான் கையக்கா மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்தாள். ஒரு கையுறை, இன்னொரு கையுறை. இரண்டையும் மடித்து இடுப்பில் செருகினாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சேஃப்டி சார் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

"கடைசிக் கேள்விக்கும் பாஸ்" என்றார்.

"சார், அதை விடுங்க!" கையக்காவின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வானத்துக்குக் கிளம்பின. சேஃப்டி சாரின் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "கலவையக்கா வெளியூர் போறாளா? எப்போ? யார்கிட்ட சொன்னா? எனக்கு ஏன் சொல்லலை?"

"அது... நான் சும்மா சோதிக்கச் சொன்னதும்மா."

"சும்மாவா!"

அவள் அதற்குச் சொன்ன பதில் மத்தியானச் சாப்பாடுவரை நீண்டது. சேஃப்டி சார் மூன்று தடவை குனிந்தார், ஒரு தடவை தூணுக்குப் பின்னால் போனார். மேலே கூண்டண்ணன் கண்ணாடி வழியாக அந்தக் கைகள் பறப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். கொக்கி இம்மிகூட அசையவில்லை.